காவடியைப் படம் பிடிக்கப் போகும் அன்பர்களுக்கு

தைப்பூசத் திருநாளன்று பத்துமலைத் திடலில் காவடிகளுக்கு ஈடாகக் கேமராக்களும் காணப்படுகின்றன. ஆயினும் வீடு திரும்பிப் பார்க்கையில், பலருக்கு எஞ்சுவன பிறர் முதுகுகளும் ஃபிளாஷ் ஒளியில் வெளுத்த முகங்களுமே. கருவி மலிவானது என்பதன்று காரணம். எங்கே நிற்பது, எப்போது காத்திருப்பது என்று முன்கூட்டியே எண்ணாமையே காரணம்.

ஒரு கேமரா, ஒரு லென்ஸ், இரண்டு மின்கலங்கள் போதும். 35 மில்லிமீட்டர் லென்ஸ் இதற்கு மிகப் பொருத்தம். நெடுந்தொலைவு லென்ஸை விரும்புவோர் உண்டு. நெரிசலில் அதற்கு முன்னால் பத்துத் தலைகள் வந்து நிற்கும். திருநீறும் பாலும் தேங்காய் நீரும் தெறிக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றுதல் கூடாது. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடியில் நீர் பூக்கும். எனவே கருவியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, அரை மணி நேரம் வெளிவெப்பத்தில் வைத்திருந்து பிறகே எடுக்கவும்.

விடியலுக்கு முன் ஆற்றங்கரையில் நீராடி அலகு பூட்டும் வேளையில் வெளிச்சம் குறைவு. ஐ.எஸ்.ஓ. அளவை 3200க்கு உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும், தோன்றட்டும். அருள் நிலையில் இருப்பவர் கண்ணெதிரே ஃபிளாஷ் அடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். மேலும், பளபளக்கும் வேலும் பால்குடமும் அவ்வொளியைத் திருப்பி அடித்துப் படத்தையே கெடுத்துவிடும். அவரால் அப்போது விடை சொல்ல இயலாது; ஆகவே உடன் வரும் உறவினரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகில் கொக்கி பூட்டியவருக்கும் கயிறு பிடிப்பவருக்கும் இடையே ஒருபோதும் நுழையாதீர்கள்.

உருமி மேளத்திற்கு ஆடும் காவடியை அசைவின்றி நிறுத்த 1/500 விநாடி வேண்டும். 1/30 விநாடியில் ஆட்டத்தோடு கேமராவையும் திருப்பினால், முகம் தெளிந்து மயிற்பீலிகள் சுழலும். பத்தில் ஒன்று தேறினாலே பேறு. 2006ஆம் ஆண்டில் எழுந்த 42.7 மீட்டர் முருகன் சிலையையும் வானத்தையும் சேர்த்து எடுக்கையில், முன்னே நிற்பவர் முகம் இருண்டுவிடும். ஒளியைக் கன்னத்தில் அளந்து கொள்க. செல்பேசியாயின் திரையில் அம்முகத்தைத் தொட்டால் போதும்.

272 படிகளில் பின்னோக்கி நடந்தபடி படம் எடுப்பது ஆபத்து. ஓரமாய் ஏறி, படிகளுக்கு இடையேயுள்ள சமதளத்தில் காத்திருக்கலாம். குரங்குகள் உண்டு, கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் படியேற்றத்தோடு திருப்தியடைந்து இறங்கிவிடுகின்றனர். உண்மையில், குகைக்குள் அலகு களைந்து திருநீறு இடும் அந்தச் சில நிமிடங்களே அன்றைய நாளின் சிறந்த படம். இறுக்கம் தளர்ந்து முகம் மீளும். தாயோ மனைவியோ கண்ணீரோடு தோளைப் பிடித்திருப்பார். குகைக் கூரை திறந்து வானம் தெரியும் பகுதியில், பகலில் மேலிருந்து விழும் ஒளி தூபப் புகையில் தூணாய் நிற்கும். அங்கே ஃபிளாஷ் அடித்தால் புகை வெண்திரையாகிவிடும்.

காவடி எடுத்தவர் அந்நேரத்துத் தம் முகத்தைக் கண்டிருக்க மாட்டார். அவருடைய குடும்பத்தினரிடம் தொடர்பு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அஞ்சலட்டை அளவில் ஒரு படத்தை அச்சிட்டு அனுப்பி வையுங்கள்.