தைத்தபின் தையலை உருவிவிடும் படகு

சாத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். மொட்டை மாடியில் சின்னதாக ஒரு பாய்மரப் படகு செய்ய ஆசையாம். கடலே இல்லாத மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்பது அசட்டுத்தனமா என்றும் ஒரு சந்தேகம். இல்லை தம்பி. வைப்பாற்றில் வெம்பக்கோட்டை நீர்த்தேக்கம் இருக்கிறது, அனுமதி வாங்கினால் மிதக்கவிடலாம். மரத்தை ஏடாக உரிப்பதும் நம் ஊருக்குப் பழக்கமான வேலைதான். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்களே, அந்தத் தொழிலின் அடிப்படையே அதுதான்: உருளைக் கட்டையைச் சுழலவிட்டு, நீளக் கத்தியால் ஏடு உரிப்பது. அப்படி உரித்த ஏடுகளை நார் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி அடுக்கி ஒட்டினால் பிளைவுட்.

பாய் எப்படிக் காற்றைப் பிடிக்கிறது, சுக்கான் எதற்கு என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. இந்தப் படகைத் துணி மாதிரி தைக்கிறார்கள்.

ஐந்தாறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் அடிப்பலகை இரண்டு, பக்கப் பலகை இரண்டு அறுத்துக்கொண்டு, ஓரம் நெடுக ஊசித்துளை போட வேண்டும். துளைக்குத் துளை செம்புக் கம்பியைக் கோத்து, குறடால் முறுக்கிக்கொண்டே போனால், தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள் மெல்ல வளைந்து எழும்பிப் படகின் வடிவத்துக்கு வந்துவிடும். மரத்தூள் கலந்து களியாக்கிய எபாக்சிப் பசையை உட்பக்க மூலையில் அப்பி, வட்டமுனைக் கரண்டியால் வழித்து, மேலே கண்ணாடியிழை நாடாவை ஒட்டுவார்கள். அது இறுகியதும் கம்பியை வெட்டி உருவிவிடலாம். தையலின் வேலை அதோடு முடிந்தது. விலா எலும்பு போன்ற சட்டங்கள் பெரிதாகத் தேவையில்லை.

கென் லிட்டில்டைக் என்ற ஆங்கிலேயத் தச்சுவேலை ஆசிரியர் இப்படிச் சிறு துடுப்புப் படகுகள் செய்தார். அதே முறையில் பாரி பக்னலும் ஜாக் ஹோல்ட்டும் வடிவமைத்த ‘மிரர்’ பாய்மரப் படகு 1963-ல் வெளிவந்தது. டெய்லி மிரர் பத்திரிகை ஆதரித்த படகு அது. 70,000-க்கு மேல் செய்யப்பட்டிருக்கின்றன, பலவும் வீட்டிலேயே.

நம் கரையில் தையல் அதைவிடப் பழசு. துறைமுகம் வருவதற்கு முன் சென்னையில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசுலா படகில் ஆணியே கிடையாது. தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த பலகைகள் அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுக்கும். அங்கே கடைசிவரை கயிறுதான் பலம். பிறகு குமரி மாவட்டத்தில் கட்டுமரத்துக்கான பருமரம் அரிதாகி விலை ஏறியபோது, பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே முட்டம் பகுதி மீனவர்களிடையே பிளைவுட் படகுகளைக் கொண்டுவரப் பாடுபட்டார். அந்தப் பாட்டை 1985-ல் புத்தகமாகவே எழுதினார்.

இனி எபாக்சி. பெயின்ட் போலக் காற்றில் காயும் சரக்கு இல்லை இது. பிசினும் ஹார்டனரும் வினைபுரிந்து இறுகும்போது சூடு கிளம்பும். குவளையில் குவிந்து கிடந்தால் சூடு வெளியேற வழியில்லை. சூடு வினையை விரட்ட, வினை மேலும் சூட்டைக் கிளப்ப, புகைய ஆரம்பித்துவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் கையாளக் கிடைக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். நம் சித்திரை வெயிலில் நண்பகலில் கலக்கவே கூடாது. விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் பரப்பிக்கொள்ள வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் மிஞ்சியது வினைபுரியாமல் தங்கி, ஒட்டு பலவீனமாகும்.

பட்டாசு செய்யும் சிவகாசிப் பக்கத்துக்காரருக்கு இதைப் போய் நான் சொல்வதா? ஈரம் பட்ட அலுமினியத் தூள் கலவை தானே சூடேறும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் என்ன, ஒரு விபத்து நடந்தால் அளவுக்கு மீறிய மருந்து, அறைக்கு மீறிய ஆட்கள் என்று அதே காரணங்களைத்தான் மறுபடி படிக்கிறோம். முழங்கைவரை வெள்ளிப்பூச்சாக அலுமினியத் தூளோடு வீடு திரும்புகிறவர்களைப் பார்த்துப் பார்த்து நமக்குக் கண் பழகிவிட்டது. படகு வேலையிலாவது அந்தப் பழக்கம் வேண்டாம். ஹார்டனர் தொடர்ந்து தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் தடிக்கும், ஆயுளுக்கும் விடாது. கையுறை விலை ஒரு டீ, வடையை விடக் குறைவு.

பலகை வாங்கும்போது ‘மரைன்’ என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தில் 72 மணி நேரம் கொதிநீர்ச் சோதனை உண்டு. துண்டு ஒன்றை நீங்களும் கொதிநீரில் போட்டுப் பார்க்கலாம்; ஏடு பிரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். முடிந்த படகுக்குப் பெயின்ட் அவசியம், எபாக்சியை வெயில் அரித்துவிடும்.

ஒன்று விட்டுப்போயிற்று. மிரர் போன்ற படகின் அகலம் நாலரை அடிக்கு மேல். மாடிப்படியில் இறங்காது. கைப்பிடிச் சுவரில் சாக்கை மடித்துப் போட்டு, கயிறு கட்டி இறக்குங்கள்; வெறும் கூடு 45 கிலோதான் வரும், நாலு பேர் போதும்.