பிளஸ் ஒன் சைக்கிளும் பஸ் ஸ்டாண்டு ரோடும்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ பிளஸ் ஒன் சேர்ந்தால் ஒரு சைக்கிள் உண்டு. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம், சில ஆண்டுகளிலேயே மாணவர், மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. வழங்கும் விழா அன்று பள்ளி மைதானத்தில் வரிசை வரிசையாகப் புது சைக்கிள்கள் நிற்கும். மாணவிகளின் சைக்கிளில் முன்னால் கூடை இருக்கும். அன்று சாயங்காலம் மணியடித்துக்கொண்டே வீடு போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த மாதமும் அதிலேயே பள்ளிக்கு வருவார்கள் என்பது அவர்கள் விருப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி.யின் ராகுல் கோயல் உள்ளிட்ட ஆய்வாளர்கள், தேசிய அளவில் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2007-ல் கிராமப்புறப் பிள்ளைகளில் 6.3 சதவீதம் பேர்தான் சைக்கிளில் பள்ளிக்குப் போனார்கள். பத்தாண்டு கழித்து அது 12.3 சதவீதம். கிராமத்துப் பெண் பிள்ளைகளிடம் வளர்ச்சி இன்னும் அதிகம்: 4.5-லிருந்து 11 சதவீதம். நகரங்களில்? 7.8 சதவீதமாக இருந்தது 8.3 ஆயிற்று, அவ்வளவுதான். ஒரே நாடு, ஒரே பத்தாண்டு. கிராமத்தில் உருண்ட சக்கரம் நகரத்தில் நகரவே இல்லை.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள்படி தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், நடுநிலைப்பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள். உயர்நிலைப்பள்ளிக்கு அரசுத் திட்டங்கள் வைத்த அளவு ஐந்து கிலோமீட்டர். பிள்ளை வளர வளர பள்ளி தள்ளிப் போகிறது. பீகார் அரசு 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது, கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதன் விளைவை ஆராய்ந்தார்கள். உயர்நிலை வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியிருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் இந்தப் பலன் பெரிதாகத் தெரிந்தது.

நியூசிலாந்தின் டனீடின் மலைநகரத்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தின் சாண்ட்ரா மாண்டிக் குழுவினர் பதின்வயதினரிடமே நடத்திய ஆய்வில், நடப்பதற்கு 2.25 கிலோமீட்டர், சைக்கிளுக்கு 4 கிலோமீட்டர் என்று எல்லை கண்டார்கள். அதற்குள் வீடு இருந்தாலும் பிள்ளைகள் காரில் இறங்குவதற்குக் காரணங்கள் இருந்தன: மேட்டுத் தெரு, கனமான பை, வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிடும் பெற்றோர். பக்கத்துப் பள்ளியைத் தாண்டி வேறு பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளும் அங்கே நிறைய. நம் ஊரில் தெருமுனைப் பள்ளியைக் கடந்து எட்டு கிலோமீட்டர் ஓடும் மெட்ரிக் பள்ளி வேனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

தூரம் சரியாக இருந்தாலும் வழி சரியாக இருக்க வேண்டுமே. ஏதாவது ஒரு நடுத்தர ஊரில், காலை எட்டே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டு ரோட்டில் நின்று பார்த்தால் போதும். நடைபாதை என்று பெயர் பெற்றது மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான். ஓரிடத்தில் ஸ்லாப் உடைந்து வாய் பிளந்திருக்கும். கொஞ்சம் தள்ளி டிரான்ஸ்பார்மர். அதைச் சுற்றி வந்தால் கடையின் சாய்தளம், அடுத்து வரிசையாக பைக்குகள். தடுப்புக்கல் சில இடங்களில் முழங்கால் உயரம். இந்திய சாலைப் பேரவையின் விதியோ, நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. விதிக்கும் தரைக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் ரோட்டில் இறங்கி, அரசு பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே நடக்கிறார்கள்.

நான்கு வழிச்சாலை வந்த ஊர்களின் கதை இன்னும் கொடுமை. ஊர் ஒரு பக்கம், பள்ளி மறுபக்கம். சுரங்கப்பாதை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், கண்ணுக்கு எதிரே தெரியும் பள்ளி இரண்டு கிலோமீட்டர் தொலைவாகிவிடுகிறது. சைக்கிளைத் தூக்கி மீடியனைத் தாண்டுவார்கள், இல்லையென்றால் ஓரமாக எதிர்த்திசையில் வருவார்கள். அதைப் பார்த்து, பிள்ளைகளுக்கு ரோடு சென்ஸ் இல்லை என்று பெரியவர்கள் சொல்வது அநியாயம். கடக்க இடம் வைக்காமல் சாலை போட்டது பிள்ளைகளா? அப்படிக் கடக்கும் பிள்ளைக்கு வண்டிகளின் வேகமும் எதிரி: மணிக்கு 65 கிலோமீட்டரில் வரும் கார் மோதினால், 50-ல் வரும் கார் மோதுவதைவிட நடப்பவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெண் பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் ஸ்பெஷல் கிளாஸ் முடிய இருட்டிவிடும். தெருவிளக்கு எரியாத இரண்டு கம்பங்கள் போதும், அம்மா வேண்டாம் என்று சொல்ல. டாஸ்மாக் கடை பள்ளியிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவு பள்ளியை மட்டும் காக்கிறது, பள்ளிக்கு வரும் வழியை அல்ல. சாயங்காலம் அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் ஒரு மாணவி வீடு போக வேண்டுமென்றால், அவளுக்கு அந்த 100 மீட்டரால் என்ன பயன்?

சுற்றுப்புறம் என்றால் கல்லும் தாரும் மட்டுமல்ல, மனிதர்களும்தான். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அதுவரை பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி செய்த தெருக்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். பத்துப் பேர் சேர்ந்து போகும் ரோட்டில் பதினோராவதாகச் சேர்வதற்குத் தனித் துணிச்சல் தேவையில்லை. தனியாகப் போகும் ஒருத்திக்குத்தான் அது தேவைப்படுகிறது.

நெதர்லாந்து பிறப்பிலேயே சைக்கிள் நாடு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் 1971-ல் மட்டும் அங்கே 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் இறந்தார்கள். குழந்தைக் கொலையை நிறுத்து என்ற பெயரிலேயே பெற்றோர் இயக்கம் நடத்தி, தெருவை அடைத்துப் போராடினார்கள். அதன் பிறகுதான் அரசு தனிப்பாதைகளுக்குப் பணம் ஒதுக்கியது. அமெரிக்கா எதிர்த்திசையில் போயிற்று. 1969-ல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் 48 சதவீதம் பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009-ல் 13 சதவீதம்.

பள்ளிக்கு எப்படிப் போகிறார்கள் என்பது உடல்நலக் கேள்வியும்கூட. இந்தியாவில் 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 73.9 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016-க்குக் கணக்கிட்டது. அது பரிந்துரைப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு நடந்து போய்வந்தாலே முக்கால் மணி நேரம் ஆகிவிடும்.

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றி அங்கே பேசுகிறார்கள். கேட்டுக்கு வெளியே உள்ள இரண்டு கிலோமீட்டரையும் பேசலாம். எந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுகிறீர்கள், எந்த முனையில் பயப்படுகிறீர்கள் என்று பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் கேட்டால் ஒரே பீரியடில் பட்டியல் வந்துவிடும். அதில் உடைந்த ஸ்லாப் நகராட்சிக்கு, டிரான்ஸ்பார்மர் மின்வாரியத்துக்கு, கடக்கும் இடம் நெடுஞ்சாலைத் துறைக்கு என்று பிரித்துத் தீர்மானமாகப் போட்டு அனுப்ப வேண்டும். தெருவிளக்கைச் சரிசெய்ய எந்தப் புதுத் திட்டமும் தேவையில்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பே முடித்துவிடலாம்.