கோட்டிங்கன் எழுவர்

கல்லூரிப் பேராசிரியர் அரசியற் சார்புடையராய் இருத்தல் தகுமோ என்னும் வினா அறிஞர் அவைகளிற் பன்முறை எழுவதுண்டு. தகாது என்போர் ஆசிரியன் நடுநிலை பிறழ்வான் என அஞ்சுவர். தகும் என்போர் ஆசிரியனும் நாட்டின் குடிமகனே என்பர். இவ்விரு கூற்றையும் உரைத்துப் பார்த்தற்கு ஏற்றதோர் உரைகல் ஜேர்மனியின் வரலாற்றில் உண்டு.

ஹனோவர் நாட்டிலே 1833 ஆம் ஆண்டில் ஓர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. கோட்டிங்கன் சர்வகலாசாலைப் பேராசிரியர் அதனைப் பேணுவதாகச் சத்தியஞ் செய்திருந்தனர். 1837 இல் அரசுகட்டில் ஏறிய ஏர்னஸ்ட் ஒகஸ்டஸ் மன்னன், அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அவ்வமைப்பை ஒழித்து, ஊழியரைச் சத்தியத்தினின்றும் விடுவித்ததாக அறிவித்தான்.

பேராசிரியர் எழுவர் இதற்கு இசைந்திலர். வரலாற்றறிஞர் டால்மன், சட்டவறிஞர் அல்பிரெக்ட், மொழிநூற் புலவர் யாக்கோப் கிறிம், அவர் தம்பி வில்லெம் கிறிம், இலக்கிய வரலாற்றாசிரியர் கெர்வீனுஸ், கீழைத்தேய மொழி வல்லுநர் எவால்ட், பௌதிக விஞ்ஞானி வெபர் என்போரே அவர். சத்தியத்தை விளையாட்டாகக் கருதும் மனிதராய் மாணாக்கர்முன் நிற்றல் தமக்கு இயலாது என எழுதிக் கையொப்பமிட்டனர். மாணாக்கர் அதனைப் படியெடுத்து எங்கும் பரப்பினர். டிசம்பரில் எழுவரும் பதவி இழந்தனர். டால்மன், யாக்கோப் கிறிம், கெர்வீனுஸ் ஆகிய மூவரும் மூன்று நாளினுள் நாட்டைவிட்டு அகலுமாறு பணிக்கப்பட்டனர்.

இவர்கள் எக்கட்சியினர் எனக் கேட்பார்க்கு எவால்டின் வாழ்க்கையே விடை பகரும். அவர் 1848 இல் மீண்டும் கோட்டிங்கன் வந்தார். 1866 இல் பிரஷியா ஹனோவரைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. பிரஷிய மன்னனுக்குச் சத்தியஞ் செய்ய மறுத்த எவால்ட் மறுமுறையும் பதவி துறக்க நேர்ந்தது. முன்னர் ஹனோவர் அரசனை எதிர்த்தவர், பின்னர் அவ்வரச குடும்பத்தைக் கைவிட மறுத்தார். கட்சிக் கண்கொண்டு நோக்கின் இருவேறு மனிதர் போலத் தோன்றுவார். மனச்சான்றினால் நோக்கின் அவர் ஒருவரே.

ஆயின், இவ்வுரிமைக்கு எல்லை இல்லையோ? உண்டு. 1940 இல் அமெரிக்கப் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் இணைந்து வெளியிட்ட கொள்கை அறிக்கை அதனைத் தெளிவாக வரையறுத்தது. தன் பாடத்தை ஆராய்ந்து உரைக்க ஆசிரியனுக்கு முழு உரிமை உண்டு. பாடத்தோடு தொடர்பற்ற சர்ச்சைகளை வகுப்பறையிற் புகுத்துதல் ஆகாது. வெளியே குடிமகனாய்ப் பேசுங்கால் நிருவாகம் அவனைத் தண்டித்தலாகாது. அவனும் தன் நிறுவனத்தின் சார்பிற் பேசுவதாகக் காட்டலாகாது.

நம் நன்னூலார் ஆசிரியனை நிலம், மலை, நிறைகோல், மலர் என்பவற்றோடு ஒப்பிட்டனர். நிறைகோலுக்கு எடையே இல்லை என்பது அதன் கருத்தன்று. இருதட்டையும் ஒப்ப நிறுப்பதே அதன் இயல்பு. தன் கொள்கையை மறுக்கும் மாணாக்கனின் விடைத்தாளை ஓர் ஆசிரியன் எங்ஙனம் மதிப்பிடுகின்றான் என்பதே நாம் கேட்கத்தக்க கேள்வி. அவன் வாக்கு எவர்க்கு என்பது நாம் கேட்கத்தக்கதன்று.

பதவி இழந்த கிறிம் சகோதரர் 1838 இல் ஜேர்மன் மொழிப் பேரகராதிப் பணியை மேற்கொண்டனர். 1841 இல் பேர்லின் அவர்களை வரவேற்றது. யாக்கோப் 1863 இல் மறைந்தார். அகராதியோ தலைமுறை பல கடந்து 1961 இல் நிறைவுற்றது. அவரை நாடுகடத்திய ஹனோவர் இராச்சியம் 1866 இலேயே வரைபடத்தினின்றும் மறைந்துவிட்டது.