காட்சிக்கு அப்பால் வேளாண் கண்காட்சி

1807-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிட்ஸ்ஃபீல்டு என்ற ஊரில், எல்கானா வாட்சன் என்பவர் இரண்டு மெரினோ ஆடுகளைப் பொதுத் திடலின் மரத்தடியில் நிறுத்தினார். ஸ்பெயின் நாட்டு இனமான அவற்றின் மென்மையான கம்பளியைக் காண உழவர்கள் திரண்டனர். இரண்டு ஆடுகளுக்கே இவ்வளவு கூட்டம் என்றால், ஊரின் சிறந்த கால்நடைகள் அனைத்தையும் ஓரிடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர் எண்ணினார். 1810-இல் அங்கு கால்நடைக் கண்காட்சி நடந்தது. அடுத்த ஆண்டே பெர்க்‌ஷயர் வேளாண் சங்கம் உருவானது.

இங்கிலாந்தில் அதற்கு முன்பே, 1777-இல் பாத் நகரில் தோன்றிய சங்கம் நல்ல சாகுபடிக்குப் பரிசளித்து வந்தது. ஆனால், அத்தகைய சங்கங்களில் நிலக்கிழார்களின் குரலே ஓங்கியிருந்தது. வாட்சன் அதை ஊர்த் திருவிழாவாக்கினார். எருதுகளை வரிசையாகப் பிணைத்து ஒரே கலப்பையை இழுக்கச் செய்தார். மேழி பிடித்தவர்கள் வட்டாரத்தின் முதியவர்கள். பெண்கள் வீட்டில் நெய்த துணிக்கும் பரிசு உண்டு.

இதை வெறும் வேடிக்கை என்று நான் ஒதுக்க மாட்டேன். புதியதை முயல உழவர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு பருவம் பொய்த்தால் ஓராண்டு வருவாய் போய்விடும். துண்டறிக்கையைவிடப் பக்கத்து வயலையே அவர் நம்புவார்.

எனவே, கண்காட்சியில் எனக்கு முதன்மையாகப் படுவது சோதனைதான். 1838-இல் தொடங்கப்பட்ட இங்கிலாந்தின் அரச வேளாண் சங்கம், கருவிகளை வயலில் ஓட்டிப் பார்த்தே பரிசளித்தது. கலப்பைக்குச் சிக்கனமான மாற்றாக அமையும் நீராவி உழவு இயந்திரத்துக்கு அது அறிவித்த 500 பவுண்டு பரிசு எளிதில் எவருக்கும் தரப்படவில்லை. முந்தைய சோதனைகளில் பரிசைத் தவறவிட்ட ஜான் ஃபௌலர், 1858-இல்தான் அதைப் பெற்றார்.

அந்த அலை சென்னைக்கும் வந்தது. ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், நீராவிக் கலப்பை உள்ளிட்ட அயல்நாட்டுக் கருவிகளைச் சோதிக்கச் சைதாப்பேட்டையில் 1865-இல் பண்ணை அமைந்தது. நீராவிக் கலப்பை நம் வயல்களில் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால், அப்பண்ணையை ஒட்டி 1876-இல் எழுந்த வேளாண் பள்ளியின் வழிவந்ததே இன்றைய கோவை வேளாண் பல்கலைக்கழகம்.

அண்மையில் நான் சென்ற ஒரு கண்காட்சியில், களையெடுக்கும் கருவிகள் சிவப்பு விரிப்பின்மீது பளபளத்தன. "சேற்றில் இறங்குமா? மணிக்கு எவ்வளவு டீசல்?" என்று ஒரு முதியவர் கேட்டார். விற்பனையாளர் தவணைத் திட்டத்தை விளக்கினார்.

அரங்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சோதனை வயலுக்கு ஒதுக்குவது கடினமன்று. எரிபொருள் செலவு, உழுத பரப்பு, ஏற்பட்ட பழுது ஆகியவற்றை நடுவர்கள் அளந்து பலகையில் எழுதி வைக்கலாம். சில நிறுவனங்கள் வர மறுக்கக்கூடும். எவை மறுத்தன என்பதையும் அதே பலகையில் எழுதலாம். அறுவடைக்கு முந்தைய வாரங்களில் நடத்தினால், புதிய நெல் ரகங்களைக் கதிரோடு காட்டவும் இயலும்.