தட்டைப்புழுவும் தற்காப்பின் அளவும்

ஓடையிலும் குளத்திலும் கல்லின் அடியில் ஒட்டி வாழும் பிளனேரியா என்னும் தட்டைப்புழுவின் தலையைத் துணித்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் கண்களோடு புதிய தலை முளைக்கின்றது. உடலின் 279இல் ஒரு பங்கே ஆன துணுக்கும் முழுப்புழுவாகக் கூடும் என 1898ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கன் கணித்தார். உடலெங்கும் பரவியிருக்கும் நியோபிளாஸ்ட் என்னும் மூல உயிரணுக்களே இவ்வாற்றலுக்கு முதலாகும். இவையனைத்தும் கதிர்வீச்சால் அழிக்கப்பட்ட புழுவினுள் ஒரேயொரு நியோபிளாஸ்டைச் செலுத்தி, அப்புழுவை மீட்கலாம் என்பதை 2011இல் ஆய்வாளர் மெய்ப்பித்தனர்.

இங்கு நாம் கருத வேண்டிய வினா ஒன்று உண்டு. வெட்டுண்ட இடம் நோய்க்கிருமிகளுக்குத் திறந்த வாயில் அன்றோ? அவ்வாயிலைக் காப்பது யார்? இப்புழுவுக்கு நம்மைப் போல் எதிர்ப்பொருள்களை ஆக்கும் ஆற்றல் இல்லை. பிறவியிலேயே அமைந்த எளிய தற்காப்பே உண்டு. எனினும் அதனை எளிதென்று இகழ்தற்கில்லை. மனிதரை வருத்தும் கிருமிகள் பலவற்றை இப்புழு உட்கொண்டும் அழித்துவிடுகின்றது என்பதை 2014இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் வெளியிட்டனர்.

ஆயின், காக்கும் ஆற்றல் எப்போதும் வளர்ச்சிக்குத் துணையாவதில்லை. அமெரிக்காவின் கான்சஸ் நகரிலுள்ள ஸ்டோவர்ஸ் ஆய்வு நிறுவனத்தார் 2016இல் கண்டது இதுவே. உடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களின் விகிதம் திரிந்து, தீய கிருமிகள் மிகுந்த புழுக்களைத் துணித்தபோது, இழந்த உறுப்பு முளைக்கவில்லை; திசுக்கள் சிதைந்தன. கிருமியே முழுக் காரணம் என்று நாம் எண்ணக்கூடும். அன்று. கிருமியைக் கண்டு புழுவின் உயிரணுக்கள் எழுப்பிய எச்சரிக்கைக் குறிப்பே மறுவளர்ச்சியைத் தடுத்தது. டாக்-1, பி-38 முதலிய நொதிகளின் வழியே செல்லும் அக்குறிப்பை இடைமறித்தவுடன், நோயுற்ற புழுக்களும் மீண்டும் வளர்ந்தன.

நோய் எதிர்ப்பாற்றல் என்று நாம் வழங்கும் தொடரில் 'எதிர்ப்பு' என்பதே ஓங்கி ஒலிக்கின்றது. அடங்கவேண்டிய நேரத்தில் அடங்குதலும் அவ்வாற்றலின் பணி என்பதை அச்சொல் உணர்த்தவில்லை என்பது நம் கருத்து.

காப்பும் ஆக்கமும் முற்றிலும் வேறான இரு துறைகளும் அல்ல. ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியை ஒருமுறை எதிர்கொண்ட புழு, ஏறத்தாழ 30 நாள் வரை அதனை முன்னினும் வலிமையாக எதிர்ப்பதை 2017இல் கண்டனர். அந்நினைவைத் தாங்கி நிற்பவையும் நியோபிளாஸ்ட்களே. அனுபவம் பெற்ற புழுவின் திசுவைப் பெறாத புழுவில் ஒட்டியபோது, அவ்வலிமை அதற்கும் வாய்த்தது.