மா இலை வெட்டும் கூன்வண்டு

மா இலை வெட்டும் கூன்வண்டு என்பது மாமரத்தின் இளந்தளிர்களைத் தாக்கும் ஒரு சிறு வண்டு ஆகும். இதன் அறிவியற் பெயர் டெப்போராஸ் மார்ஜினாட்டஸ். சில நூல்கள் இதனை யூக்னாம்ப்டஸ் என்னும் பேரினத்தில் வைக்கின்றன. இலை சுருட்டும் வண்டுகள் பலவற்றைக் கொண்ட அட்டெலாபிடே குடும்பத்தைச் சேர்ந்த இதனை முதலில் விவரித்தவர் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பிரான்சிஸ் பாஸ்கோ (1813–1893) ஆவார். இவ்வண்டு இந்தியா, வங்காளதேசம், மியான்மர், தாய்லாந்து, மலேசியா, சீனா முதலிய நாடுகளில் காணப்படுகிறது.

தோற்றம்

வளர்ந்த வண்டு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளமுடையது. தலையும் மார்பும் செம்மஞ்சள் நிறமாகவும், முன்னிறகுகள் கரிய விளிம்புடன் வெளிர்மஞ்சளாகவும் இருக்கும். மார்ஜினாட்டஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு விளிம்புடையது என்பது பொருள். தலை முன்னோக்கி நீண்டு மூக்குப் போல் அமைந்துள்ளது. வாயுறுப்புகள் அதன் நுனியில் உள்ளன.

வாழ்க்கை வட்டம்

பெண் வண்டு இளம் இலையின் நடு நரம்பை ஒட்டிச் சிறு குழிகள் செய்து, அவற்றில் முட்டையிடும். பின்னர் காம்புக்கு அண்மையில் இலையைக் குறுக்காக வெட்டும். வெட்டு, கத்தரிக்கோலால் நறுக்கியது போல் நேராக இருக்கும். இலையின் அடிப்பகுதி மட்டும் கிளையில் எஞ்ச, முட்டைகள் உள்ள பகுதி நிலத்தில் விழுகிறது. சில நாட்களில் முட்டைகளிலிருந்து வெளிவரும் காலற்ற புழுக்கள், விழுந்த இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடைப்பட்ட பசும்பகுதியைக் குடைந்து உண்டு வளர்கின்றன. முழு வளர்ச்சி அடைந்ததும் மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுக்களாக மாறி, பின்னர் வண்டுகளாக வெளிவருகின்றன.

பாதிப்பு

வண்டுகள் தளிர் இலைகளின் தோலைச் சுரண்டி உண்பதால், அவ்விலைகள் பழுப்பு நிறமாகிச் சுருண்டு காய்கின்றன. முட்டையிடும்போது வெட்டப்படும் இலைகள் இதனினும் பெரிய இழப்பாகும். நாற்றங்காலில் உள்ள கன்றுகளும், புதிதாக நட்ட ஒட்டுக்கன்றுகளும் தளிர்களை இழந்து வளர்ச்சி குன்றுகின்றன. மாமரம் முதிர்ந்த தளிர்களின் நுனியிலேயே பூப்பதால், தளிர் இழப்பு அடுத்த பருவ விளைச்சலையும் குறைக்கக்கூடும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

மொட்டையான கிளைகளைக் கண்டதும் மரத்துக்கு மட்டும் மருந்து தெளிப்பது போதாது. அடுத்த தலைமுறை மரத்தில் இல்லை. தரையில் கிடக்கும் இலைத் துண்டுகளுக்குள் இருக்கிறது. எனவே அவற்றை உடனுக்குடன் கூட்டி எரிப்பதோ ஆழமாகப் புதைப்பதோ முதன்மையான முறையாகும். தாமதித்தால் புழுக்கள் மண்ணுக்குள் சென்றுவிடும். அந்நிலையில் மரத்தடி மண்ணை மேலாகக் கிளறிவிட்டால், கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். தாக்குதல் மிகும்போது மட்டும், தளிர்விடும் காலத்தில் பரிந்துரைக்கப்பட்ட பூச்சிகொல்லியைத் தெளிக்கலாம்.