புதினங்கள் காட்டும் உலகம்

இலக்கியம் காலந்தோறும் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு வருவது. சங்கச் சான்றோர் தனிப்பாடல்களால் வாழ்வைக் காட்டினர். பின்வந்தோர் காப்பியங்கள் இயற்றினர். அவர்களுக்கும் பின்வந்தோர் தூதும் உலாவும் பிள்ளைத்தமிழும் பாடினர். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக அவ்விடத்தில் உரைநடையால் இயன்ற நெடுங்கதை அமர்ந்துள்ளது. அதனை நாவல் என்றும் புதினம் என்றும் வழங்குகின்றோம். நாவல் என்பது ஆங்கிலத்தினின்று வந்த சொல்; புதியது என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டது. அப்பொருளையே தழுவிப் புதினம் என்னும் சொல்லும் அமைந்தது.

தமிழில் முதற்புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879ஆம் ஆண்டில் வெளியிட்டார். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையைப் போக்குவதே அவர் நோக்கம். அதன்பின் ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரமும், மாதவையாவின் பத்மாவதி சரித்திரமும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் தோன்றின. இன்றோ ஆண்டுதோறும் புதிய புதினங்கள் எண்ணிறந்தன வெளிவருகின்றன. இவற்றுள் எவற்றைப் பயில்வது, எவ்வாறு பயில்வது என்பன நாம் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

யான் பழைய முறையில் தமிழ் பயின்றவன். நன்னூலும் நிகண்டும் மனப்பாடம் செய்த பின்னரே காப்பியங்களைத் தொட இசைவு பெற்றேன். ஆகலின் புதினம் படிப்பதனை வீண்பொழுது போக்குதல் என்றே நெடுநாள் கருதியிருந்தேன். அக்கருத்தினை மாற்றிய நிகழ்ச்சி ஒன்றுண்டு.

தூத்துக்குடியை அடுத்த ஓர் ஊரில் யான் தமிழாசிரியனாய் இருந்த காலம் அது. ஒருநாள் பிற்பகல் வகுப்பில் நெய்தல் திணையை விளக்கிக்கொண்டிருந்தேன். பழந்தமிழ் நாட்டில் உமணர் என்னும் உப்பு வணிகர் இருந்தனர் என்பதனையும், அவர் வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றினர் என்பதனையும் சுவைபடக் கூறினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் மட்டும் தலைகுனிந்து, மடியில் மறைத்து வைத்த நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தான். சினம் மிக்கு அந்நூலைப் பறித்துக்கொண்டேன். "கதைநூல் படித்துக் கெட்டுப்போகின்றாயே!" என்று எல்லார் முன்னும் கடிந்துரைத்தேன். அவன் யாதும் மறுமொழி கூறவில்லை.

இரவு உணவுக்குப்பின் அந்நூலை எடுத்துப் பார்த்தேன். ராஜம் கிருஷ்ணன் எழுதி 1979ஆம் ஆண்டில் வெளிவந்த கரிப்பு மணிகள் என்னும் புதினம் அது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. அவ்வம்மையார் தாம் எழுதப் புகும் மக்களிடையே நேரில் சென்று பழகி, அவர்தம் தொழிலையும் துன்பத்தையும் கேட்டறிந்த பின்னரே எழுதும் வழக்கமுடையவர். நீலமலைப் படகர்களைப் பற்றிய குறிஞ்சித்தேனும் அவ்வாறு எழுந்ததே. சில பக்கங்கள் புரட்டி வைத்துவிடலாம் என்று தொடங்கிய யான், விளக்கை அணைத்தபோது விடியற்கோழி கூவிற்று.

நாள்தோறும் யான் கடந்து சென்ற உப்பளங்களை அந்நூலிலேதான் முதன்முதல் கண்டேன் என்று கூறினும் பொருந்தும். பாத்தியில் பாய்ச்சிய உவர்நீர் வெயிலால் வற்ற, அடியில் உப்பு மணிகள் படிகின்றன. அவற்றைப் பலகையால் வாரி வரப்பிலே குவித்துப் பின்பு தலைச்சுமையாகச் சுமந்து சென்று அம்பாரமாகச் சேர்க்கின்றனர். வெயில் எவ்வளவு கொடிதோ அவ்வளவு விளைவு மிகுதி. ஆகவே மற்றையோர் நிழலை நாடும் வேளையே இவர்கட்கு வேலை மிகும் வேளையாகும். மழை பெய்தால் வெம்மை தணியும். ஆனால் கூலியும் நின்றுபோம். வெண்மணிகளின் ஒளி கண்ணைக் கெடுக்கின்றது. உவர்நீர் காலைப் புண்ணாக்குகின்றது. உமணரைப் பற்றி உரை விரித்த யான், அவ்வுப்பினை விளைவித்த கைகளைப் பற்றி ஒருநாளும் வினவியதில்லை.

மறுநாள் அம்மாணவனை அழைத்து நூலைக் கொடுத்தேன். "இதனை ஏன் வகுப்பில் படித்தாய்?" என்று அமைதியாகக் கேட்டேன்.

"ஐயா, என் அம்மா அளத்தில் வேலை செய்கிறார். எழுத்து வாசிக்கத் தெரியாது. இரவில் நான் வாசித்துக் காட்டுகிறேன். அளத்துச் சொற்களைத் தடையில்லாமல் வாசிக்கவேண்டும் என்று முன்னதாக ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றான்.

"அம்மா கேட்டுவிட்டு என்ன சொல்கிறார்?"

"சில இடங்களில் 'ஆமாம், இப்படித்தான்' என்பார். சில இடங்களில் 'இது நம் பக்கத்தில் வேறு மாதிரி' என்பார். நேற்று நூல் இல்லாததால் மேற்கொண்டு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே படுத்துவிட்டார்."

யான் நாணித் தலைகுனிந்தேன். என் கண்டிப்பு ஒரு மாணவனைத் திருத்தவில்லை. பகலெல்லாம் வெயிலில் உழைத்த ஒரு தாயின் இரவு நேர இன்பத்தைப் பறித்தது. அன்றியும், எழுத்தறியாத அவ்வம்மையார் கதையைக் கேட்டு வியந்ததோடு அமையாமல், மெய்யையும் மாறுபாட்டையும் பிரித்துக் காட்டினார். நூலாராய்ச்சி என்பது அதுவேயன்றோ? அன்று முதல் யான் புதினங்களைத் தேடிப் படிக்கலானேன். அவ்வாறு படித்து அறிந்தவற்றுட் சிலவற்றை இங்கே கூறுவேன்.

முதலாவது வரலாற்றுப் புதினம். இவ்வகையில் தமிழ் மக்கள் பெரிதும் விரும்பிப் படிப்பது கல்கியின் பொன்னியின் செல்வன். இது 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடர்ந்து வெளிவந்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும், அக்கொலைக்கு உடந்தையானோரின் உடைமைகள் பற்றி உடையார்குடிக் கல்வெட்டுக் கூறுவதும் வரலாறு. வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பதற்கும் தஞ்சைக் கல்வெட்டுச் சான்றாகும். நந்தினியும் பூங்குழலியும் ஆசிரியரின் கற்பனையிற் பிறந்தவர்கள். இவ்விரண்டையும் பகுத்தறியாமல், புதினத்தில் உள்ளன அனைத்தும் நிகழ்ந்தன என்று வாதிடுவோரை யான் கண்டிருக்கின்றேன். அது நூலின் குற்றமன்று, படிப்போர் குற்றமாகும். படித்தபின் கல்வெட்டையும் தேடச் செய்யுமாயின் வரலாற்றுப் புதினம் தன் கடமையை ஆற்றிவிட்டது எனலாம்.

சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் 2008ஆம் ஆண்டில் வெளிவந்து, 2011ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசினைப் பெற்றது. மதுரையின் அறுநூறு ஆண்டுக்கால வரலாற்றைக் கூறும் இந்நூலில் அரசரினும் ஊர்காவல் புரிந்த மக்களே முதன்மை பெறுகின்றனர். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட இந்நூலில் மாந்தர் பெருகி, சிற்சில இடங்களில் படிப்போர்க்குத் திசை தெரியாமற் போவதும் உண்டு. எனினும் அரண்மனை வாயிலினின்று பார்க்கப்படும் நகரம் வேறு, இரவுக் காவலன் பார்க்கும் நகரம் வேறு என்பதனை இந்நூல் நன்கு உணர்த்துகின்றது.

இரண்டாவது சமூகப் புதினம். இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒடுக்கப்பட்டோர்க்கு ஆடை வெளுக்கும் வண்ணார் குலத்துப் பெண்ணாகிய ஆரோக்கியம் இதன் தலைவி. தாழ்த்தப்பட்டோர் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பவரிடையேயும் மேல் கீழ் என்னும் படிகள் இருப்பதனை இந்நூல் காட்டுகின்றது. இதனைப் படித்து முடித்தபோது எனக்கு இன்பம் உண்டாகவில்லை; உறக்கம் கெட்டது. நல்ல நூல் எல்லாம் இன்பமே பயத்தல் வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது வட்டாரப் புதினம். ஒரு நிலப்பகுதியின் தொழில், வழிபாடு, பேச்சு ஆகியவற்றை அவ்வாறே எடுத்துரைப்பது இது. சோ. தர்மன் எழுதி 2016ஆம் ஆண்டில் வெளிவந்த சூல், கரிசல் நாட்டு உருளைக்குடியையும் அதன் கண்மாயையும் பற்றிக் கூறுகின்றது. சூல் என்பது கருப்பம். நீர் நிறைந்த கண்மாயை நிறைசூலியாகக் காணும் பெயர் அது. ஊரார் தம் பொறுப்பாகப் போற்றிய நீர்நிலை, பொறுப்பற்றோர் கைப்பட்டு எவ்வாறு சீர்குலைந்தது என்பதனை ஆசிரியர் காட்டுகின்றார். நீர்மேலாண்மை குறித்துப் பல சொற்பொழிவுகள் கேட்டும் விளங்காத ஒன்று, இக்கதையால் எனக்கு விளங்கிற்று.

வட்டாரப் புதினங்களில் வரும் கொச்சை மொழியை யான் முன்னர் வெறுத்தேன். இப்பொழுது அவ்வாறு கருதுவதில்லை. தென்பாண்டி நாட்டார் ஒருவரை மெல்லச் செல்லுமாறு கூறுங்கால் "பையப் போ" என்பர். அப் பைய என்னும் சொல் திருக்குறளில் உள்ளது. நாம் நூலிலே தேடும் சொல் உழவர் வாயிலே உயிரோடு இருக்கின்றது. ஆயினும் ஒன்று கூறுவேன். கதைமாந்தர் பேச்சில் வட்டார வழக்கு அழகு தரும். ஆசிரியர் கூற்றிலும் அதுவே மிகுமாயின், பிற பகுதியினர் நூலை அணுகுதல் அரிதாகும்.

நான்காவது துப்பறியும் புதினம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இத்தகைய கதைகளை மிகுதியாக எழுதினர். பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷ் வசந்த் என்னும் வழக்கறிஞர் இருவரும் புகழ்பெற்றனர். இவற்றைச் சிலர் முற்றும் இகழ்வர். சிறு தடயத்தையும் தவறவிடாது நோக்கும் பழக்கத்தை இவை வளர்க்கின்றன என்பதனை மறுத்தல் இயலாது. ஆனால் குற்றவாளி யார் என்று தெரிந்தபின் இவற்றுட் பெரும்பாலானவற்றை மீண்டும் படிக்க மனம் எழுவதில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்பான் என்பதனை அறிந்தே நாம் பன்முறை படிக்கின்றோம். இவ்வேறுபாட்டினை மாணவர் சிந்திப்பாராக.

ஐந்தாவது அறிவியல் புதினம். சுஜாதாவின் என் இனிய இயந்திரா என்னும் கதையில் ஜீனோ என்னும் இயந்திர நாய் பேசுகின்றது, நூல் படிக்கின்றது, தானே சிந்திக்கவும் முற்படுகின்றது. 1980களில் இது வெறும் விந்தைக் கற்பனையாகத் தோன்றியிருக்கலாம். வினாவுக்கு விடை எழுதும் இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளில், அந்நாயைப் பற்றிப் படிக்குங்கால் நகைப்புடன் ஓர் அச்சமும் தோன்றுகின்றது. நாளை நேரக்கூடியதனை இன்றே எண்ணிப் பார்க்கச் செய்வது இவ்வகையின் சிறப்பு.

இனி, புதினம் பயிலும் முறையைச் சுருங்கக் கூறுவேன். முடிவு யாதென்று அறியும் விரைவில் பக்கங்களைத் தாண்டிச் செல்லாதீர்கள். வார இதழ்களில் தொடராக வந்த கதைகள், அடுத்த வாரம் வரை நம்மை ஈர்த்து நிறுத்தும்பொருட்டு ஒவ்வோர் அதிகாரத்தின் இறுதியிலும் ஒரு திகைப்பை வைத்து முடியும். அத்திகைப்பினை நீக்கிப் பார்த்தபின் எஞ்சுவது யாது என்று வினவுங்கள். கதைமாந்தர் தம் இயல்பால் நடக்கின்றனரா, அன்றி ஆசிரியர் கயிறிழுக்க ஆடுகின்றனரா என்று நோக்குங்கள். ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு அறிவுரை கூறத் தொடங்குமிடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பரிசு பெற்ற நூல் என்பதற்காகப் புகழவும் வேண்டா. பலரும் விரும்பும் நூல் என்பதற்காக இகழவும் வேண்டா. நும் கருத்தினைக் காரணத்தோடு கூறப் பழகுங்கள்.

எல்லாவற்றிலும் மேலாக, நீங்கள் அறிந்த வாழ்வோடு நூலை ஒப்பிட்டுப் பாருங்கள். நும் வீட்டிலேயே உழவரோ நெசவாளரோ மீனவரோ ஓட்டுநரோ இருக்கக்கூடும். அவர்தம் தொழிலைப் பற்றிய புதினம் கிடைப்பின், அவர்கட்கு வாசித்துக் காட்டுங்கள். "ஆமாம், இப்படித்தான்" என்றும், "இது வேறு மாதிரி" என்றும் அவர் கூறும் உரை, அச்சிட்ட எந்த உரைக்கும் தாழ்ந்ததன்று. உப்பளத்து அம்மையார் ஒருவரிடமிருந்து யான் கற்ற பாடம் அதுவே.